புறக்கோட்டைக் கடைக்கு சொந்த மெயில் சேர்வர்: ஜிமெயிலுக்கு ஒன்று போகிறது, அடுத்தது திரும்பி வருகிறது

இரும்புக்கடை:
வணக்கம். புறக்கோட்டையில் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு டொட் எல்கே டொமைன் எடுத்திருக்கிறோம். விலைப்பட்டியல், இன்வொய்ஸ் எல்லாம் கடையின் பெயரிலேயே போகட்டும் என்று சிங்கப்பூரில் ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சேர்வர்) வாடகைக்கு எடுத்து, டெபியன் லினக்ஸில் மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், போனில் திறந்து வாசிக்க டவ்கொட், மெயிலில் டீகிம் என்ற டிஜிட்டல் கையொப்பம் இட ஓபன்டீகிம் போட்டேன். இணைப்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இருக்கிறது. போனில் 993 (வாசிக்க), 587 (அனுப்ப) இரண்டு போர்ட்டும் வேலை செய்கின்றன. உள்ளே வரும் மெயிலில் ஒரு குறையும் இல்லை.

அனுப்புவதில்தான் சிக்கல். ஒரே ஜிமெயில் விலாசத்துக்குக் காலையில் போன மெயில், மத்தியானம் அனுப்பினால் திரும்பி வருகிறது. பின்னேரம் மறுபடி போகிறது. ஒருகொடவத்தையில் இருக்கும் ஒரு சப்ளையரின் சொந்த டொமைனுக்கு மட்டும் எப்போதும் போய்ச் சேர்கிறது. எங்கள் டொமைன் பெயரில் எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கோர்டில் சேர்வரின் ஐபிவி4 விலாசத்தைப் போட்டிருக்கிறேன், ஐபியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பிடிஆர் ரெக்கோர்டும் வைத்தாயிற்று. இனி எங்கே பார்ப்பது?

காலிவீதி:
தம்பி, சேர்வரிலிருந்து சேர்வருக்கு மெயில் போகும் 25ஆம் போர்ட் அடைத்திருக்கும். பல விபிஎஸ் நிறுவனங்கள் புதுக் கணக்குக்கு அதைத் திறந்து தருவதில்லை. அமேசானின் ஈசி2 கூட வெளியே போகும் 25ஐ முதலில் அடைத்துத்தான் வைத்திருக்கும், கேட்டால்தான் திறப்பார்கள். டிக்கெட் போட்டுப் பாருங்கள்.

மழைக்காகம்:
25 அடைத்திருந்தால் ஒன்றுமே போகாது அண்ணா. சப்ளையருக்கு ஒழுங்காகப் போகிறது என்கிறாரே. அப்படி அடைபட்டால் மெயில் உடனே திரும்பியும் வராது, க்யூவில் கிடந்து, போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான கணக்குப்படி 5 நாள் கழித்துத்தான் வரும்.

இரும்புக்கடை, திரும்பி வந்த மெயிலில் 550 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதோடு, மெயில் லொக்கில் (சேர்வரின் பதிவுக் கோப்பு) ஜிமெயிலுக்குப் போனதில் ஒன்றையும் திரும்பியதில் ஒன்றையும் எடுத்து, எந்த விலாசத்தோடு இணைந்தது என்று ஒப்பிடுங்கள். அதைப் பார்க்கும் வரை டொமைனின் டிஎன்எஸ் ரெக்கோர்டுகளைத் தொட வேண்டாம். ஆளாளுக்குச் சொல்வதை எல்லாம் மாற்றினால் பிறகு எது எதைக் கெடுத்தது என்றே தெரியாது.

இரும்புக்கடை:
நன்றி அக்கா. 550, 5.7.25 என்று வருகிறது. அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் இல்லை என்கிறது. ஆனால் வைத்திருக்கிறேனே! லொக்கில் போன மெயில்கள் சாதாரண ஐபி விலாசத்துக்குப் போயிருக்கின்றன. திரும்பியவை எல்லாம் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான விலாசத்துக்கு.

மழைக்காகம்:
அந்த நீளமானதுதான் ஐபிவி6, புது வகை ஐபி விலாசம். சாதாரணமானது ஐபிவி4. உங்கள் விபிஎஸ்ஸுக்கு நிறுவனம் இரண்டு விலாசம் தந்திருக்கிறது, நீங்கள் ஒன்றுக்குத்தான் பிடிஆர் வைத்திருக்கிறீர்கள். ஜிமெயிலுக்கு இரண்டு வழியிலும் போகலாம். எதை முதலில் எடுப்பது என்பதில் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பிடிவாதம் கிடையாது, ஒரு முறை ஐபிவி4, ஒரு முறை ஐபிவி6. சப்ளையரின் சேர்வருக்கு ஐபிவி4 மட்டும்தான் இருக்கும், அதனால் அங்கே சிக்கலே வரவில்லை. 550 என்பது முடிவான மறுப்பு என்பதால் மற்ற வழியில் முயன்று பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டு வழி உண்டு. சுருக்கமானது: போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் கோப்பில் ஐநெட்_புரோட்டோகோல்ஸ் என்ற வரியில் "ஆல்" என்று இருப்பதை "ஐபிவி4" ஆக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். பலர் இங்கேதான் "மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று திரும்பி வருவார்கள்.

முறையானது: விபிஎஸ் பேனலில் ஐபிவி6க்கும் பிடிஆர் வைத்து, அது காட்டும் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் குவாட்-ஏ ரெக்கோர்ட் (பெயருக்கு ஐபிவி6 விலாசத்தைச் சொல்வது) போட்டு, எஸ்பிஎஃப்பில் அந்த விலாசத்தையும் சேர்ப்பது. பிடிஆரை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை, ஐபி யாருடையதோ அவர்தான் வைக்க முடியும். கடைக்கு இப்போதைக்கு முதல் வழி போதும்.

காலிவீதி:
அப்படியா, சரி. எதற்கு இவ்வளவு பாடு? வீட்டில் ஃபைபர் இருக்கிறது, ஒரு பழைய பிசியில் போட்டால் மாத வாடகை மிச்சம்தானே.

மழைக்காகம்:
வீட்டு இணைப்பில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், பிடிஆர் நம் கையில் இல்லை. ஸ்பாமைத் தடுக்கப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் வீட்டு இணைப்பு ஐபிக்களை மொத்தமாகவே போட்டு வைத்திருப்பார்கள், அதைப் பார்க்கும் சேர்வர்கள் வாசலிலேயே மறுத்துவிடும். கரண்டைப் பற்றி நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். 2022இல் 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்படி ஒரு நாள் வந்தாலும் உங்களுக்கு வர வேண்டிய மெயில் தொலைந்துவிடாது. அனுப்பியவரின் சேர்வர் நாட்கணக்கில் திரும்பத் திரும்ப முயலும்.

இரும்புக்கடை:
ஐபிவி4 மட்டும் ஆக்கி, நிறுத்தித் தொடங்கினேன். இப்போது அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பவில்லை! ஆனால் பாதி ஸ்பாமுக்குள் விழுகிறது. ஜிமெயிலில் மெயிலின் மூலத்தைத் திறந்து பார்த்தால் எஸ்பிஎஃப் பாஸ், டீகிம் ஃபெயில்.

மழைக்காகம்:
டீகிம் சாவி 2048 பிட்டா? அப்படியென்றால் அதை வைத்திருக்கும் டிஎன்எஸ் ரெக்கோர்ட் நீளம். ஒரு டெக்ஸ்ட் ரெக்கோர்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் இடம். சில டிஎன்எஸ் பேனல்கள் தாமாகப் பிரித்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். டிஎன்எஸ்ஸில் இருப்பதைக் காட்டும் டிக் கட்டளையில் அந்த ரெக்கோர்டைக் கேட்டு, கடைசி எழுத்துகள் சேர்வரில் உள்ள கோப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இரும்புக்கடை:
வெட்டித்தான் இருக்கிறது! இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் போடலாமா? அல்லது இரண்டு ரெக்கோர்டா?

மழைக்காகம்:
ஒரே ரெக்கோர்ட், உள்ளே இரண்டு மேற்கோள். இரண்டு ரெக்கோர்டாகப் போட்டால் அதுவும் ஃபெயில்தான்.

இரும்புக்கடை:
டீகிம் பாஸ். அப்பாவின் இன்பொக்ஸிலேயே வந்து விழுந்தது. எஸ்பிஎஃப், டீகிம் சோதனையில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று மற்றச் சேர்வர்களுக்குச் சொல்லும் டீமார்க்கும் போடவா? நேரே "ரிஜெக்ட்" வைக்கலாமா?

மழைக்காகம்:
போடுங்கள், ஆனால் முதலில் "நன்" (none, ஒன்றும் செய்ய வேண்டாம்). அறிக்கை வர ஒரு விலாசமும் கொடுங்கள். கடையின் பில் மென்பொருள், வெப்சைட் போர்ம் என்று உங்கள் பெயரில் வேறு எங்கிருந்தாவது மெயில் போனால் அதில் தெரியும். அவற்றையும் சரிசெய்த பிறகு "குவாரன்டைன்" (ஸ்பாமில் போடு), அப்புறம் "ரிஜெக்ட்" (மறுத்துவிடு). கூகுள் 2024 பெப்ரவரியிலிருந்து டீமார்க்கைக் கட்டாயமாகக் கேட்பது ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம்தான், அதனால் அவசரமில்லை.

காலிவீதி:
பில் மென்பொருள் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கடையில் அது 25இல்தான் அனுப்பப் பார்க்கும். 587க்கு மாற்றி, யூசர் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள் தம்பி.