புதுப்பிப்பு: கார் சரிவில் நிலக்கரிச் சாம்பல் போட்ட கதை

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் கார் ஏற்றி இறக்கும் சரிவு பாசி பிடித்து வழுக்குகிறது, பென்சில்வேனியாவில் இருக்கும் மச்சான் வாசல் உறைபனி மேல் நிலக்கரிச் சாம்பல் தூவுகிறாராம், இங்கேயும் போடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா? போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதல் தடவை சொதப்பல். பவானிப் பக்கம் ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரியும்போது புகையோடு பறக்கும் நுண்சாம்பல்) கல் போடுகிற இடத்தில் அந்தச் சாம்பல் ஒரு மூட்டை வாங்கினேன். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்றார்கள். மாவு மாதிரி இருந்தது. ஃப்ளை ஆஷ் துகள்கள் பெரும்பாலும் உருண்டை. மழை பட்டதும் குழம்பாகி முன்பைவிட மோசம். "சாணி மெழுகியிருந்தாக்கூட இத்தனை வழுக்காது சாமி" என்றார் அம்முச்சி.

மச்சானிடம் மறுபடி கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே போடுவது அடுப்பின் அடியில் தங்கும் கரகரப்பான கசடு. அது பனியை உருக்காது, காலுக்கும் டயருக்கும் பிடிப்புதான் தரும். பனியை உருக்கத் தூவும் சாதா உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. கசடுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி என்று ஒரு சாயப்பட்டறை பாய்லரின் கிளிங்கரை (உருகி இறுகிய சாம்பல் கட்டியை) உடைத்து, சலித்துத் தூவினேன். பிடிப்பு நன்றாகவே வந்தது. ஆனால் திண்ணை வரை கறுப்புக் கால்தடம். அதைவிட, நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் எல்லாம் கொஞ்சம் இருக்கும்; எங்கள் சரிவுத் தண்ணீர் போவது கிணற்றடி முருங்கைக்கு. மொத்தத்தையும் அள்ளிவிட்டேன்.

இப்போது பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கொத்தனாரை வைத்துக் குறுக்கே கோடு கோடாகக் கொத்தியாகிவிட்டது. போன வார மழையில் அம்முச்சி கைத்தடி இல்லாமலே இறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்தார்.