பெரிகோர் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி:
செப்டம்பரில் பிரான்சின் தென்மேற்கே, பெரிகோர் பகுதியில், சார்லா நகருக்கு அருகே தோர்தோன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறோம். கார் இருக்கும். உடன் வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவ உணவு மட்டுமே உண்பவர். கோட்டை, குகை, பழைய ஊர்கள் அனைத்தையும் பார்க்க ஆசைப்படுகிறோம். எவற்றைத் தவிர்க்கலாம்?

மறுமொழி 1:
ஆற்றிலிருந்து தொடங்குங்கள். 1453 வரை நீண்ட நூறாண்டுப் போரில் பிரெஞ்சுத் தரப்பில் நின்ற பேனாக் கோட்டையும், பலமுறை ஆங்கிலேயர் கைக்குப் போய்வந்த காஸ்தெல்நோ கோட்டையும் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால், இப்பகுதியின் வரலாறு பாதி விளங்கிவிடும். பேனாக்கின் சந்துகள் செங்குத்தானவை. அம்மாவைக் கூட்டிச் செல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, லா ரோக் கஜாக்கில் கபார் எனப்படும் தட்டையடிப் படகில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே காட்சிகளைக் காணலாம்.

போர்க்காலத்துக்கு முன்பே திட்டமிட்டுக் கட்டப்பட்ட பஸ்தீத் ஊர்களில், 1281இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப் நிறுவிய தொம் என்ற ஊர் மலையுச்சியில் உள்ளது. 1284இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு நிறுவிய ‘மோம்பாசியே’ என்ற ஊர் சமதளத்தில், நேர்த்தெருக்களும் வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த சதுக்கமுமாக அமைந்துள்ளது. தூரம் சற்று அதிகமானாலும் நான் பின்னதையே தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி 2:
குகைகளைப் பற்றி ஒரு சொல். 1940இல் கண்டுபிடிக்கப்பட்ட, கற்கால ஓவியங்கள் கொண்ட லாஸ்கோ குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் பாழாகத் தொடங்கியதால் 1963இலேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அக்குகை உள்ள மோந்தினியாக் ஊரில் நீங்கள் காணப்போவது 2016இல் திறக்கப்பட்ட முழு அளவுப் பிரதி. நடக்கச் சிரமமில்லாதது, அதனால் அம்மாவுக்கு ஏற்றது. அசல் வண்ண ஓவியங்களையே பார்க்க விரும்பினால் லே ஸேஸி ஊரின் ஃபோன் த கோம் குகை உண்டு; ஆனால் நாளொன்றுக்குச் சிலரையே அனுமதிக்கிறார்கள், குகை வாசலுக்கு மேடேறியும் செல்ல வேண்டும். முன்பதிவை இப்போதே பாருங்கள்.

மறுமொழி 3:
சார்லாவின் பெரிய சந்தை சனிக்கிழமை கூடும். காலையிலேயே போய்விடுங்கள், பிறகு கார் நிறுத்த இடம் கிடைக்காது. வாத்துக் கல்லீரல் பேர்போன ஊர் என்பதால் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: ‘சார்லாதேஸ்’ என்ற பெயரில் வரும் உருளைக்கிழங்கு வறுவல்கூட வாத்துக் கொழுப்பில் வறுக்கப்படுவதுதான். வால்நட், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, பழங்கள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, மதிய உணவை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பேனாக்கைக் கரையிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். குகைக்கு நான் மட்டும் தனியாகப் பதிவு செய்கிறேன்.