கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு என்ன படிக்கணும்?

கொழிஞ்சாம்பாறை பையன்:
பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். ஆவணத் தடயவியலுக்குப் போக ஆசை. தமிழ், மலையாளம் ரெண்டும் எழுத வரும். அது உதவுமா?

மசிக்கறை:
ரொம்பவே உதவும் தம்பி. நம்ம பக்கத்துப் பழைய ஆதாரங்களில் (நிலப்பத்திரத்தைச் சொல்றேன், அட்டையை இல்லை) வாசகம் மலையாளம், கையெழுத்து தமிழ்னு இருக்கும். தமிழ்க் கையெழுத்தைத் தமிழ் மாதிரியோடதான் ஒப்பிடணும். அடுத்து எம்.எஸ்சி. தடயவியல் படிங்க. கேரள அரசு ஆய்வகப் பணிக்கு பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) அறிவிப்பைப் பார்த்துட்டே இருங்க, காலியிடம் கொஞ்சம்தான்.

ஒளிவிளக்கு:
படிக்கும்போதே கண்ணைப் பழக்குங்க. அடுத்தவங்க கையெழுத்தைப் பார்த்துப் போட்டதில் கோடு நடுங்கும், தேவையில்லாத இடத்தில் பேனா தூக்கியிருக்கும், முனை மொட்டையா நிற்கும். ஆனா முதுமை, நோயிலும் நடுக்கம் வரும். அதனால அதே காலத்து மாதிரிகள் வேணும். ஜெராக்ஸில் பேனா அழுத்தம் தெரியாது, அசல் கேளுங்க. 1-ஐ 7 ஆக்கியிருந்தா அகச்சிவப்பு ஒளியில் ஒரு மசி மறைஞ்சு மற்றது நிற்கலாம். ரெண்டும் ஒரே மாதிரி மசின்னா அதுவும் கைவிடும். பலர் கெடுக்கிறது உறையில்தான்: ஆவணத்தை உள்ளே வச்சு மேலே எழுதினா புதுப் பள்ளம் விழும். முதலில் எழுதிட்டு அப்புறம் உள்ளே வைங்க.

வாளையார் சார்:
அடையாள மோசடின்னா வங்கி, காப்பீட்டிலும் வேலை உண்டு. போலி ஆதாரில் படத்தை மாத்துவாங்க. கியூஆருக்குள்ள டிஜிட்டல் கையொப்பத்தோட இருக்கும் படத்தை மாத்த முடியாது. சாதாரண ஸ்கேனர் போதாது, ஆதார் ஆணையத்தின் செயலியில் பாருங்க. நீதிமன்றத்தில் நிபுணர் கருத்துக்கு இப்போ பாரதிய சாக்ஷிய சட்டம் (புது சாட்சியச் சட்டம்) பிரிவு 39; பழைய நூல்களில் முந்தைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 45-னு இருக்கும்.