நீலன் வால் கிழிஞ்ச கதை

குரூப்: பெரம்பூர் வீடு

வியாழன், இரவு 9.12

திவ்யா: (போட்டோ)
மாமா, என் மீன் நீலன் வால் கிழிஞ்சிருக்கு!! காலையில நல்லாத்தான் இருந்தான். கடையில காட்டினா வால் அழுகல்னு சொல்லி 180 ரூபாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்துட்டாங்க. ஊத்தட்டுமா?

ரவி மாமா: ஊத்தாத. மூடியையே திறக்காத.

தாத்தா: மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை போடும்மா

கார்த்தி: தாத்தா, அவன் தொட்டியில இருக்கான், சட்டியில இல்ல 😂

ரவி மாமா: திவ்யா, டார்ச் அடிச்சுப் பாரு. கிழிஞ்ச ஓரம் என்ன கலர்?

திவ்யா: நீலமாத்தான் இருக்கு. கத்தரியால நறுக்கின மாதிரி நேரா ஒரு கோடு

ரவி மாமா: சாப்பிடறானா?

திவ்யா: நாலு குருணை போட்டேன், நாலும் காலி. கண்ணாடியில தன்னையே பார்த்து செவுளை விரிச்சு சண்டை வேற

ரவி மாமா: அப்போ இது காயம். அழுகல்னா ஓரம் கருப்பாவோ வெள்ளையாவோ சிவப்பாவோ மாறும். இப்படி நேரா கிழியாது. பூச்சி அரிச்ச துணி மாதிரி ஓரத்துலேருந்து உள்ள கரைஞ்சுட்டே போகும். எதுலயோ மாட்டியிருக்கான். உள்ள புதுசா என்ன வெச்ச?

திவ்யா: பிளாஸ்டிக் செடி. போன வாரம்தான் 😔

ரவி மாமா: அம்மாவோட பழைய நைலான் சாக்ஸ கையில மாட்டி அது மேல தடவிப் பாரு

9.31

திவ்யா: மூணு இடத்துல நூல் மாட்டுது மாமா. இலை நுனியெல்லாம் முள்ளு!

ரவி மாமா: தூக்கி வெளிய போடு. கால் பங்கு தண்ணி மாத்து, குளோரின் போக்கற சொட்டு விட்டுட்டு. காயம் வழியாத்தான் கிருமி புகும், தண்ணி அழுக்கா இருந்தா இதுவே அழுகலாயிடும். தினமும் ஒரு போட்டோ எடுத்து வை, ஒரே பக்கத்துலேருந்து.

செல்வி சித்தி: அண்ணா, என் கோல்ட்ஃபிஷ பாரேன் (போட்டோ)
வாலோரம் முழுக்க வெள்ளை. பத்து நாளா குட்டையாயிட்டே வருது

ரவி மாமா: இது அழுகல்தான் செல்வி. ஃபில்டர் பஞ்சை எப்போ கழுவின?

செல்வி சித்தி: ரெண்டு வாரம் ஆச்சு. குழாயடியில சோப்பு போட்டு பளிச்சுனு 😊

ரவி மாமா: கெடுத்த போ. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்தற பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு. இனிமே தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியில சும்மா அலசு. டெஸ்ட் கிட் வாங்கு, அம்மோனியா பூஜ்யம் காட்டற வரைக்கும் தினமும் கால் பங்கு மாத்து. அதுக்கும் நிக்காம வால் அடி வரைக்கும் போச்சுனா மருந்து. அதுவும் தனி டப்பாவுல, ஃபில்டர்ல மிச்சமிருக்கறதையும் மருந்து கொன்னுடும்.

தாத்தா: கல் உப்பு?

ரவி மாமா: அது சரிதான்ப்பா. அயோடின் இல்லாததா பார்த்து, 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். கரைச்சு ஊத்தணும் செல்வி, அள்ளிப் போட்டுடாத.

தாத்தா: கார்த்தி, படிச்சியா?

புதன், காலை 7.05

திவ்யா: மாமா!! நீலனுக்கும் ஓரம் வெள்ளையா வருது!!

ரவி மாமா: பதறாத. அது வழியா பின்னாடி இருக்கற கல்லு தெரியுதா?

திவ்யா: தெரியுது. கண்ணாடிப் பேப்பர் மாதிரி

ரவி மாமா: புது வால்டி அது. நீலம் மெதுவா ஏறும்.

கார்த்தி: அந்த 180 ரூபா?

திவ்யா: "வித்த பொருள் திரும்ப வாங்கப்படாது"னு போர்டைக் காட்டறாங்க

செல்வி சித்தி: பத்திரமா வை திவ்யா. இங்க வெள்ளை ரெண்டு நாளா மேல ஏறல. ஏறிச்சுனா நானே வந்து வாங்கிக்கறேன்