குடும்பக் குழு: அடிப்பக்கத்தை விட்டுட்டாங்க

வித்யா: மாமா, மிஸ்டர் வாம்பயர்ங்கிற ஹாங்காங் பேய்ப் படம் பாதி வரை பார்த்தாச்சு. சவப்பெட்டி முழுக்க மைக்கோடு அடிச்சும் பொணம் எப்படி வெளிய வந்துச்சு?

மணி மாமா: அடிப்பக்கத்துல அடிக்கலம்மா. கோழி ரத்தத்தை மையில கலந்து, தச்சர் நூல் அடிக்கிற மாதிரியே மேலயும் பக்கவாட்டுலயும் அடிச்சாங்க. பேயோட்டுற குருவோட சீடப் பசங்க குனிஞ்சு அடியில பார்க்கவே இல்ல. அந்த ஒரு பக்கம் விட்டதுலதான் கதையே நகருது.

சுதா சித்தி: ஊதுபத்தி முன்னாடியே எச்சரிச்சிடுச்சே. மூணு பத்தியில ரெண்டு குட்டை, ஒண்ணு நீளம்னு எரிஞ்சா அந்த வீட்டுக்கு ஆகாது. அதைப் பார்த்ததும் குருவா நடிச்ச லாம் சிங் யிங்கோட கூட்டுப் புருவம் இறுகும் பாரு, அதான் நடிப்பு.

கார்த்தி: புதைச்சு இருபது வருஷமாகியும் பொணம் ஏன் மக்கல சித்தி?

சுதா சித்தி: செத்தவர்கிட்ட நிலத்தைப் பறிகொடுத்த ஃபெங்சுயி, அதாவது சீன வாஸ்து ஜோசியர் பழி தீர்த்துக்கிட்டார். புதைச்ச இடத்துல சிமெண்ட் பூசச் சொல்லிட்டார். இடம் நல்ல இடம்தான், ஆனா பலன் பெட்டிக்குள்ள இறங்கல.

வித்யா: ஏன் குதிச்சே வருது?

மணி மாமா: ஜியாங்ஷின்னா விறைச்ச பொணம், முழங்கால் மடங்காது. சீனாவுல ஹூனான் பக்கம் வெளியூர்ல செத்தவங்களைச் சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போற வழக்கம்னு ஒரு கதை உண்டு. ரெண்டு நீள மூங்கில்ல வரிசையாக் கைகளைக் கட்டித் தூக்கினா, மூங்கில் வளையுறப்ப பொணம் குதிக்கிற மாதிரி தெரியுமாம். படத்துல ஜியாங்ஷி மூச்சுக்காத்தை வச்சுதான் ஆளைக் கண்டுபிடிக்கும். அதனால மூச்சை அடக்கணும், நெத்தியில மஞ்சள் தாயத்துச் சீட்டை ஒட்டணும். சீட்டு விழுந்தா மறுபடி கிளம்பிடும்.

கார்த்தி: 1985 படம். இயக்கம் ரிக்கி லாவ், தயாரிப்பு சாமோ ஹங். 1980லயே சாமோ குங்ஃபூவையும் பேயையும் சிரிப்போட கலந்து ஒரு படம் எடுத்துட்டார். ஆனா விதிகளை இவ்வளவு கறாரா வச்சது இதுலதான். அதான் பயமும் சிரிப்பும் ஒரே இடத்துல வருது.

வித்யா: நகம் கீறினவனுக்கு என்ன மருந்து?

சுதா சித்தி: பசையரிசி. நம்ம கவுனி மாதிரி ஒட்டுற ரகம், நிறம் வெள்ளை. அதைத் தரையில பரப்பி மேல மிதிச்சு ஆடணும். அரிசி கறுத்தா விஷம் இறங்குது. சாதா அரிசிக்கு அந்த வேலை ஆகாது.

மணி மாமா: அங்கதான் அடுத்த கோளாறு. கடைக்காரர் பசையரிசியில சாதா அரிசியைக் கலந்து வித்துடுவார். நிறுத்தினதைப் போடு வித்யா, அந்த அரிசிக் கடை இனிமேதான் வருது.