'ஹஷ்' எபிசோடில் லிஃப்ட் பேசுவது வசனக் கணக்கில் வருமா?

வேம்பு:
எரிச்சலில்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன். நேற்று ஒரு யூடியூப் காணொளி கண்ணில் பட்டது. பஃபி என்ற இளம்பெண் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' தொடரின் நான்காம் சீசன், பத்தாவது எபிசோட் 'ஹஷ்' பற்றியது. "44 நிமிடம், ஒரு வசனம் கூடக் கிடையாது, உலகத் தொலைக்காட்சியில் இதுதான் முதல் தடவை" என்று அந்தப் பிரகஸ்பதி எடுத்த எடுப்பிலேயே அளந்து விடுகிறார். கீழே வரிசையாக ஆஹா, ஓஹோ.

ஐயா, அதில் வசனம் இருக்கிறது. 1999 டிசம்பர் 14 அன்று ஒளிபரப்பானது. மொத்தம் சுமார் 44 நிமிடம். அதில் ஏறக்குறைய 17 நிமிடத்தில் பேச்சு உண்டு. மீதி 27 நிமிடம்தான் மௌனம். பார்க்காதவர்களுக்காகக் கதை: சன்னிடேல் ஊருக்கு 'ஜென்டில்மென்' என்ற பேய்கள் வருகின்றன. கோட் சூட், மொட்டைத் தலை, உலோகப் பல், தரையில் கால் படாமல் மிதந்து வரும். ஊரார் தூங்கும்போது எல்லோருடைய குரலையும் ஒரு பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிடும். அப்புறம் ஏழு பேரின் இதயத்தை அறுத்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது கத்தக்கூட முடியாது. 27 நிமிடம் இதை வசனமில்லாமல் கொண்டு போனதே சாதனைதான். அதை 44 ஆக்க வேண்டிய அவசியம் என்ன?

கடிகாரக்காரன்:
27 என்பதும் தப்பு. லிஃப்ட் பேசுகிறது.

வேம்பு:
எந்த லிஃப்ட்?

கடிகாரக்காரன்:
எபிசோடைப் பார்த்தவர்தானே நீங்கள்? குரல் போன பிறகு ரைலி, ஃபாரஸ்ட் என்ற இரண்டு வீரர்கள், பேய்களை வேட்டையாடும் 'இனிஷியேட்டிவ்' ராணுவப் பிரிவின் இரகசியத் தளத்துக்கு லிஃப்டில் இறங்குவார்கள். அது குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் லிஃப்ட். "குரலைச் சொல்" என்று கேட்கும். இவர்களால் பேச முடியாது. அது மறுபடி கேட்கும், மிரட்டும். அது பேச்சு இல்லாமல் கொட்டாவியா? அப்புறம் பஃபியின் வழிகாட்டி ஜைல்ஸ் வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் சன்னிடேலில் குரல்வளை அழற்சி பரவியிருப்பதாகவும் ஊரைத் தனிமைப்படுத்தியிருப்பதாகவும் வாய் திறந்து சொல்கிறார். வெளியூர்க்காரருக்குக் குரல் போகவில்லை. ஆக அந்த 27 நிமிடத்துக்குள்ளேயே இரண்டு இடத்தில் பேச்சு. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மீனலோசனி:
அந்த லிஃப்ட் காட்சிதான் எபிசோடிலேயே உச்சமான நகைச்சுவை. ரைலி உள்ளே பதறி, கடைசியில் கதவு திறந்தால் அவர்கள் தலைவி பேராசிரியை வால்ஷ் நின்றுகொண்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை விரலால் காட்டுவார். அவசர காலத்தில் படிக்கட்டைப் பயன்படுத்தவும் என்று! எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வரும்.

கடிகாரக்காரன்:
நகைச்சுவையா இல்லையா என்பது வேறு விஷயம். பேசியதா இல்லையா?

செல்லாக்காசு:
கடிகாரக்காரரே, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தீர்களே, எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறோம்.

கடிகாரக்காரன்:
எண் முக்கியமில்லை. 27 இல்லை என்பதுதான் முக்கியம்.

செல்லாக்காசு:
ஹாஹா. போன தீபாவளிக்கு, பஃபியின் கிளைத் தொடரான 'ஏஞ்சல்' பற்றிய திரியிலும் இதே கதைதான். "என்னிடம் பட்டியல் இருக்கிறது" என்றார், பட்டியல் இன்றுவரை வரவில்லை. வரும் வரும் என்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கடிகாரக்காரன்:
அந்தத் திரியில் பதில் சொல்ல முடியாமல் ஓடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே பேச்சு லிஃப்டைப் பற்றி.

ஜன்னலோரம்:
ஒரு சின்னக் கேள்வி. முதலில் 'வசனம்' என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டால் நல்லது இல்லையா? இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்வதா, மனிதக் குரல் எதுவானாலும் வசனமா, பலகையில் எழுதிக் காட்டுவதும் சேருமா?

நள்ளிரவு நாயகம்:
எல்லோரும் ஏன் இப்படி அமெரிக்கத் தொடரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்? நாம் 1987 இலேயே முழு நீளப் படத்தையே வசனமில்லாமல் எடுத்தாயிற்று. 'பேசும் படம்'. கமல். சிங்கீதம் சீனிவாச ராவ். 27 நிமிடமாம், 27 நிமிடம்!

செல்லாக்காசு:
யார் அந்த 'நாம்'? கதை நடப்பது பெங்களூரில், கன்னடத்தில் அதன் பெயர் 'புஷ்பக விமானா', இயக்குநர் தெலுங்குக்காரர். நாயகம் அதில் எந்தப் பக்கம் நின்று கேமரா பிடித்தார்?

நள்ளிரவு நாயகம்:
கமல் யார்? பரமக்குடியில் பிறந்தவரா, பாரிஸில் பிறந்தவரா? குறை சொல்லியே பிழைக்கும் ஜென்மங்கள்.

வேம்பு:
திரி திசை மாறுகிறது. நாயகம் அண்ணே, அது திரைப்படம், இது வாரத் தொடர். வாராவாரம் வளவளவென்று பேசியே பெயர் வாங்கிய தொடர் அது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் இதை எடுத்த காரணமே அதுதான். எல்லோரும் வசனத்தைப் பாராட்டுகிறார்கள், இயக்குநராகத் தான் சோம்பேறி ஆகிவிட்டோமோ என்ற பயம் அவருக்கு. அதனால் வசனத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காட்சியால் மட்டும் கதை சொல்ல முடிகிறதா என்று பார்த்தார். ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்து பார்ப்பது மாதிரி. 27 நிமிடம் நடந்தார்.

கடிகாரக்காரன்:
27 இல்லை.

ஆதிரை:
வீடனை இந்த அளவுக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 2021 இல் இதே தொடரில் நடித்த கரிஷ்மா கார்ப்பென்டர் அவர் மீது வைத்த குற்றச்சாட்டுகளைப் படித்தீர்களா? தாராவாக நடித்த ஆம்பர் பென்சனும் கரிஷ்மாவுக்கு ஆதரவாகப் பேசினார். அதே தாரா அறிமுகமாவது இந்த எபிசோடில்தான்.

வேம்பு:
படித்தேன். நான் எபிசோடைத்தான் பாராட்டினேன், ஆளுக்கு நற்சான்றிதழ் தரவில்லை.

ஆதிரை:
'ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தார்' என்பது ஆளைப் பற்றியதா, எபிசோடைப் பற்றியதா?

மீனலோசனி:
தாரா என்றதும் ஞாபகம் வருகிறது. பஃபியின் தோழி வில்லோவும் தாராவும் ஜென்டில்மென்களிடமிருந்து தப்பி ஓர் அறைக்குள் ஒளிவார்கள். குளிர்பான இயந்திரத்தை நகர்த்திக் கதவை அடைக்க வில்லோ தனியாக மந்திரம் முயல்வாள், முடியாது. தாரா கையைப் பிடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள், இயந்திரம் பறந்து போய்க் கதவில் மோதும். ஒரு வார்த்தை கிடையாது. அந்த இரண்டு பேரின் கதை முழுவதும் அந்த ஒரு பிடியில் தொடங்குகிறது. நீங்கள் என்னடாவென்றால் லிஃப்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்.

கடிகாரக்காரன்:
அம்மணி, குளிர்பான இயந்திரம் பேசவில்லை. அதனால் அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. லிஃப்ட் பேசியது. செய்தி வாசிப்பவர் பேசினார்.

செல்லாக்காசு:
ஜைல்ஸ் வகுப்பறையில் படம் போட்டு விளக்கும் காட்சியை யாரும் சொல்லவில்லையே? ஒளி ஊடுருவும் தாளில் ரத்தச் சிவப்பில் கிறுக்கிய ஓவியங்கள், பின்னால் சான்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்ர்' இசை. பஃபி தன் இடுப்பைப் பெரிதாக வரைந்துவிட்டார் என்று முறைப்பாள். பேய்களை எப்படிக் கொல்வது என்று கேட்டு, முளைக்கட்டையால் குத்துவதுபோல் அவள் கையை ஆட்டிக் காட்டுவாள். எல்லோரும் வேறு அர்த்தத்தில் பார்ப்பார்கள். குடும்பத்தோடு பார்த்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நள்ளிரவு நாயகம்:
இதைத்தான் சொல்கிறேன். வசனம் இல்லாமலேயே ஆபாசம். 'பேசும் படம்' குடும்பத்தோடு பார்க்கலாம்.

செல்லாக்காசு:
பரிசுப் பொட்டலத்தில் கமல் எதைக் கட்டி வெளியே கொண்டு போவார் என்று உங்கள் குடும்பத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடிகாரக்காரன்:
செல்லாக்காசு தலைப்பை மாற்றுவதிலேயே குறியாக இருக்கிறார். 'ஏஞ்சல்' திரியிலும் இதே உத்தி. சரி, நானே இன்னொன்று சொல்கிறேன். "உலகத் தொலைக்காட்சியில் முதல் தடவை" என்பதும் பொய். 1961 ஜனவரியில் 'ட்வைலைட் ஸோன்' தொடரில் 'தி இன்வேடர்ஸ்' வந்தாயிற்று. ரிச்சர்ட் மாத்திசன் எழுதியது. ஆக்னஸ் மூர்ஹெட் தனி வீட்டில் ஒரு கிழவி, கூரையில் ஒரு குட்டித் தட்டு வந்து இறங்கும். கடைசிவரை ஒரு வார்த்தை பேச மாட்டார். உறுமுவார், முனகுவார், அவ்வளவுதான். கடைசியில் பார்த்தால் அந்தக் குட்டி ஆட்கள்தான் நம் பூமிக்காரர்கள்.

ஜன்னலோரம்:
அடடா, முடிவைச் சொல்லிவிட்டீர்களே! நான் இன்னும் பார்க்கவில்லை.

கடிகாரக்காரன்:
அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எப்போது பார்ப்பதாக உத்தேசம்?

வேம்பு:
ஒரு நிமிடம். அந்த எபிசோடில் முன்னும் பின்னும் அந்தத் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் வந்து பேசுகிறார். கடைசியில் விண்கலத்து ரேடியோவில் ஒரு குரல் நீளமாகப் பேசுகிறது. உங்கள் லிஃப்ட் சட்டப்படி அதுவும் வசனம்தானே?

கடிகாரக்காரன்:
அது ரேடியோ.

வேம்பு:
லிஃப்டில் இருப்பது?

கடிகாரக்காரன்:
லிஃப்டில் இருப்பது கம்ப்யூட்டர். அது எதிரில் நிற்கும் பாத்திரத்தோடு பேசுகிறது, பதிலை எதிர்பார்க்கிறது. ரேடியோ அப்படியில்லை.

ஜன்னலோரம்:
அப்படியானால் செய்தி வாசிப்பவர் யாரிடம் பதிலை எதிர்பார்க்கிறார்? இதற்குத்தான் முதலிலேயே வரையறை கேட்டேன்.

கடிகாரக்காரன்:
ஜன்னலோரம் புதிய உறுப்பினர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

செல்லாக்காசு:
லிஃப்ட் விழுந்தது. மூன்றாம் மாடியிலிருந்து.

நள்ளிரவு நாயகம்:
இசையே இல்லாமல் எடுத்ததும் இந்த எபிசோட்தானே? அதையாவது பாராட்டலாம்.

மீனலோசனி:
இல்லை நாயகம் சார், அது 2001 இல் வந்த 'தி பாடி'. பஃபியின் அம்மா இறந்து கிடக்கும் எபிசோட். அதில் பின்னணி இசை கிடையாது. 'ஹஷ்' நேர் எதிர். வசனம் போனதால் மொத்தப் பாரமும் கிறிஸ்டோஃப் பெக்கின் இசை மேல்தான். ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். மிச்சப் பாதி அந்தச் சிரிப்பு. டக் ஜோன்ஸும் கேம்டன் டாயும் முகமூடிக்குள்ளிருந்து தலையைச் சாய்த்துக் கும்பிடுவதுபோல் கையசைப்பார்களே, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கொலை செய்ய வருகிறவன் இவ்வளவு மரியாதையாக இருக்கக் கூடாது.

ஆதிரை:
எம்மி விருது கொடுத்தார்களா இந்தக் காவியத்துக்கு?

வேம்பு:
2000 ஆம் ஆண்டு எழுத்துக்காகப் பரிந்துரை கிடைத்தது. ஏழு சீசனிலும் எழுத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை அதுதான். பரிசு 'தி வெஸ்ட் விங்' தொடருக்குப் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், வசனத்துக்குப் பெயர் போன தொடருக்கு, 27 நிமிடம் வசனமில்லாத எபிசோடின் எழுத்துக்குத்தான் பரிந்துரை.

கடிகாரக்காரன்:
பரிசு வாங்கியதும் வசனத் தொடர்தான். அங்கே நடந்துகொண்டே பேசுவார்கள். தவிர, 27 இல்லை.

செல்லாக்காசு:
சரி, கடிகாரம். ஒரே ஒரு கேள்வி. கடைசிக் காட்சி. குரல் திரும்பி வந்தாயிற்று, பஃபி கத்திய கத்தில் பேய்களின் தலையெல்லாம் வெடித்தாயிற்று. மறுநாள் ரைலி அவள் அறைக்கு வருகிறான். "பேச வேண்டும்" என்கிறான், அவளும் ஆமாம் என்கிறாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பேச முடியும், பேசவில்லை. அந்த மௌனத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

கடிகாரக்காரன்:
அதில் லிஃப்ட் இல்லை.

மீனலோசனி:
அடக் கடவுளே.

வேம்பு:
அந்த நொடிகளையும் சேர்த்தால் 27 ஐ விடக் கூடத்தான் வரும், குறையாது. எனக்குச் சாதகமான பாயிண்ட், நன்றி செல்லாக்காசு.

செல்லாக்காசு:
உங்களுக்குச் சாதகமாக நான் எதுவும் சொல்லவில்லை. தலைப்பில் 'ஹஷ்' என்று எழுதியவருக்கெல்லாம் நான் ஏன் உதவ வேண்டும்? தமிழில் 'உஷ்' என்று அழகான சொல் இருக்கிறது.

வேம்பு:
பெயர்ச்சொல்லை யாராவது மொழிபெயர்ப்பார்களா? உங்களை நான் 'செல்லாத நாணயம்' என்று கூப்பிடவா?

நள்ளிரவு நாயகம்:
'உஷ்' தமிழா? ஷகரம் வந்தாலே அது தமிழ் இல்லை.

செல்லாக்காசு:
ஆரம்பித்துவிட்டாரய்யா.

கடிகாரக்காரன்:
இப்போது மறுபடி டிவிடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் ஒரு தடவை இல்லை, பல தடவை பேசுகிறது. எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை யாரும் 27 என்று எழுத வேண்டாம்.

வேம்பு:
27.