நீர்மருது இலையில் கொப்புளம், உச்சியில் மலை அணில் கூடு

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி எங்கள் மாந்தோப்பு. கரையில் நிற்கும் பெரிய நீர்மருதில் ஆறு வாரமாக இலை முழுக்க மிளகு அளவு கொப்புளங்கள். கொழுந்து சுருண்டு கொட்டுகிறது. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே வெளிறிய சின்னப் பூச்சி. பக்கத்துப் புங்கமும் நாவலும் நன்றாகவே இருக்கின்றன.

எட்டிய கிளைகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் இரண்டு தடவை அடித்தேன். உதிர்ந்த இலையைக் கூட்டிப் புதைத்தேன். அப்புறமும் புதுத் தளிரில் வருகிறது. கடையில் வீரியமான மருந்து கொடுத்தார்கள். அடிக்க மனம் வரவில்லை. உச்சியில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டியிருக்கிறது. தரையில் அதிகம் இறங்காமல் கிளைக்குக் கிளை தாவிப் போகிற பிராணி அது. இந்த மரம் மொட்டையானால் அதற்கு ஓடையைக் கடக்க வேறு பாதை இல்லை.

விஷ மருந்து அடிக்காமல், கிளையை வெட்டாமல் இந்தக் கொப்புளப் பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது?